டிரான்ஸம் தாங்குமா? பழைய வேகப் படகுக்கு இன்ஜின் தேர்வு

வாசகர் கேள்வி – பதில்

பழைய வேகப் படகுக்கு மாற்று இன்ஜின் தேடுகிறவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1983-இல் கட்டிய 17 அடி ஃபைபர் படகு. அடிப்பகுதி ‘வி’ வடிவம், நடுவில் தட்டையான பேட் உண்டு. 150 ஹெச்.பி. வி6 டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இப்போது பிஸ்டன் போய் நிற்கிறது. கியர் விகிதம் 1.87, புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) 24 அங்குலம். 5,500 ஆர்.பி.எம்.மில் ஜி.பி.எஸ். மணிக்கு 98 கி.மீ. காட்டும். புது ஃபோர் ஸ்ட்ரோக் 150 மாட்டலாமா, 115 போதுமா, அல்லது இன்னொரு பழைய டூ ஸ்ட்ரோக்கையே தேடவா?

பதில்: உங்கள் கேள்வியில் எல்லா எண்ணும் இருக்கிறது, எடை மட்டும் இல்லை. இந்த வயதுப் படகுகளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஹெச்.பி. அதற்குப் பிறகுதான்.

மெர்குரியின் கார்புரேட்டர் வைத்த 2.5 லிட்டர் வி6 150 சுமார் 184 கிலோ. அதற்கும் முந்தைய வி6-கள் இன்னும் இலகு. இன்று கிடைக்கும் மெர்குரி ஃபோர் ஸ்ட்ரோக் 150 சுமார் 206 கிலோ, யமஹா எஃப்150 சுமார் 217 கிலோ. வித்தியாசம் 22 முதல் 33 கிலோதானே, பின்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்தால் வருகிற எடைதானே என்று தோன்றும். ஆனால் சிறுவன் டிரான்ஸத்துக்கு, அதாவது இன்ஜின் மாட்டும் பின்சுவருக்கு, உள்ளே உட்காருகிறான். இன்ஜின் வெளியே தொங்குகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கின் உடல் பெரிது என்பதால் அதன் எடைமையமும் பழையதைவிடச் சற்று மேலேயும் பின்னேயும் போகிறது. அந்தக் காலத்து வேகப் படகுகளின் பின்பகுதி ஒடுக்கமானது, தண்ணீருக்கு மேல் நிற்கும் விளிம்பும் குறைவு. இன்ஜின் கிணற்றில் (டிரான்ஸத்துக்கு உட்புறம் உள்ள பள்ளம்) உள்ள வடிகால் துளைகள் நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் உயரத்தில்தான் இருக்கும்.

காசு கொடுக்கும் முன் இதைச் சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. பழைய இன்ஜின் மாட்டியிருக்க, டாங்கை நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றிப் படகைத் தண்ணீரில் விடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை இன்ஜின் கிணற்றில் வையுங்கள். 22 கிலோ வித்தியாசத்துக்கு 40 கிலோ எதற்கென்றால், கேன் உள்ளே இருக்கிறது, இன்ஜின் வெளியே தொங்கப்போகிறது. அந்த நெம்புகோலுக்கு ஈடு அது. வடிகால் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தால் அந்த இன்ஜின் உங்கள் படகுக்கு இல்லை. துளை நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

அடுத்து வேகம். ஒரே படகில் வேகம் ஏறக்குறைய ஹெச்.பி.யின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். 150-இலிருந்து 115-க்கு இறங்கினால் சக்தி 23 சதவீதம் குறைகிறது, வேகமோ சுமார் 12 சதவீதம்தான் குறையும். உங்கள் 98 என்பது 86 ஆகும். இன்னொன்றும் உண்டு. 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய பல இன்ஜின்களின் ஹெச்.பி.யை கிராங்க் ஷாஃப்டில் அளந்து எழுதினார்கள். இப்போது புரொப்பெல்லர் ஷாஃப்டில் அளக்கிறார்கள். கியரில் உராய்ந்து போகிற சக்தி பழைய எண்ணில் கழிக்கப்படவில்லை. ஆகவே உங்கள் பழைய 150-க்கும் புதிய 115-க்கும் உள்ள இடைவெளி மூடியில் ஒட்டியிருக்கும் எண்கள் சொல்வதைவிடக் குறைவு. மெர்குரி 115 சுமார் 163 கிலோ, யமஹா எஃப்115 சுமார் 171 கிலோ. பின்னால் 13 முதல் 21 கிலோ குறைந்தால் படகு சீக்கிரம் எழும், அணியம் (படகின் முன்முனை) குதிப்பதும் தணியும்.

140 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் நடுவழியாகத் தெரியும். சுசுகி டிஎஃப்140ஏ சுமார் 179 கிலோ. எடை உங்கள் பழைய இன்ஜினுக்கும் கீழே. ஆனால் அதன் கியர் விகிதம் 2.59. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கணக்கு இது: ஆர்.பி.எம்.மைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால், புரொப்பெல்லர் தண்ணீரில் கொஞ்சமும் நழுவாவிட்டால் கிடைக்கும் வேகம் மணிக்கு கி.மீ.யில் வரும். உங்கள் பழைய இன்ஜினுக்கு 5,500 × 24 × 0.001524 ÷ 1.87 = 107.6. ஓடியது 98. நழுவல் 9 சதவீதம், அதாவது உங்கள் பொருத்தம் நன்றாகவே இருந்திருக்கிறது. இப்போது 140-ஐ எடுங்கள். எதிர்பார்க்கக்கூடிய வேகம் சுமார் 95. 10 சதவீத நழுவலைச் சேர்த்தால் கணக்கு வேகம் 105 ஆக வேண்டும். 6,000 ஆர்.பி.எம்.மில் அதைத் தர ஏறக்குறைய 30 அங்குலப் பிட்ச் தேவை. அந்த இன்ஜினுக்கு அப்படியொரு புரொப்பெல்லரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. கனமான படகைத் தள்ளுவதற்கென்று வகுத்த விகிதம் அது. இலகுவான வேகப் படகில் இன்ஜின் சளைக்கும் முன்பே புரொப்பெல்லர் களைத்துவிடும். மெர்குரி 115-இன் சாதாரண கியர் விகிதம் 2.07. 21 அங்குலப் பிட்சில் 6,000 ஆர்.பி.எம்.முக்குக் கணக்கு வேகம் 92.8, பத்து சதவீதம் கழித்தால் 83 அல்லது 84. அதே 115-க்கு 2.38 விகித கியர் கேஸும் (தண்ணீருக்குள் நிற்கும் அடிக் கியர் பெட்டி) விற்கிறார்கள். வாங்கும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு 2.38 வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக்கே வேண்டுமென்றால் நேரடி எரிபொருள் பீய்ச்சும் வகைகள் உண்டு. எவின்ரூட் ஈ-டெக் வி6 150 சுமார் 190 கிலோ, மெர்குரி ஆப்டிமேக்ஸ் 150 சுமார் 195 கிலோ. எடையில் இரண்டும் நடுவே நிற்கின்றன, எண்ணெயும் பெட்ரோலும் பழைய கார்புரேட்டர் வகையைவிட நன்றாகவே மிச்சமாகும். ஆனால் இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது, எவின்ரூட் 2020-இல். இன்ஜெக்டரையும் கம்ப்யூட்டரையும் சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாவிட்டால் அவற்றை வாங்காதீர்கள். கார்புரேட்டர் வி6-ஐ ஸ்பேனரும் மீட்டரும் கொண்டு மீட்கலாம். இவற்றை முடியாது.

எங்கள் தேர்வு: டிரான்ஸம் மரம் நன்றாக இருந்து, 83 முதல் 86 கி.மீ. போதுமென்றால் 115 ஃபோர் ஸ்ட்ரோக். 98-ஐ விட மனமில்லையென்றால் நல்ல நிலையில் உள்ள இன்னொரு கார்புரேட்டர் வி6. ஃபோர் ஸ்ட்ரோக் 150-ஐ, கேன் சோதனையில் படகு தேறினால் மட்டும்.

கேள்வி: டிரான்ஸம் உள்ளே உளுத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஃபைபர் தோல் இரண்டுக்கு நடுவே பிளைவுட். இதுதான் பழைய டிரான்ஸம். தண்ணீர் இறங்குவது தோல் வழியாக அல்ல, துளை வழியாக. இன்ஜின் போல்ட், அடிவடிகால் குழாய், ஆழமானிக்காக யாரோ அடித்த ஸ்க்ரூ, எல்லாமே வாசல்தான்.

இன்ஜினைப் பாதி தூக்கி நிறுத்துங்கள். கியர் கேஸின் மேலுள்ள தட்டில் கை வைத்து உடல் எடையோடு அழுத்தி அழுத்தி விடுங்கள். இன்னொருவர் டிரான்ஸத்தின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து டிரான்ஸமும் மூச்சு விடுவதுபோல அசைந்தால் மரம் போய்விட்டது. கிணற்றின் மூலைகளில் நட்சத்திர வெடிப்பு, கிளாம்ப் தட்டு உள்ளே அமிழ்ந்த தடம், போல்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கசிவு ஆகியவையும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. பிறகு பிளாஸ்டிக் சுத்தியலால் கட்டம் கட்டமாகத் தட்டுங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று கணீரிடும், உளுத்தது ‘தொப்’ என்று அமுங்கும். ஒலியில் சந்தேகம் இருந்தால், உள்பக்கத்தில், மிகத் தாழ்வான இடத்தில் 6 மி.மீ. பிட்டால் வெளித்தோலைத் தொடாமல் துளையிடுங்கள். வெளிர்நிறச் சீவல் உலர்ந்து சுருண்டு வந்தால் நிம்மதி. கருத்து ஈரமாய், புளித்த வாடையோடு வந்தால் இன்ஜின் பேச்சை நிறுத்திவிட்டு டிரான்ஸம் பேச்சைத் தொடங்க வேண்டும். துளையை எப்படியும் எபாக்சியால் அடைத்துவிடுங்கள்.

மாற்றுவதென்றால் உள்தோலை வெட்டி எடுத்து, மரத்தைச் சுரண்டி, 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி அதன்மேல் கண்ணாடியிழை ஏற்றுவது வழக்கமான முறை. மேலிருந்து மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டுக் கலவையை ஊற்றி நிரப்புகிற முறையும் உண்டு. அதற்குத் தோல்கள் இரண்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அடியில் ஒட்டியிருக்கும் கடைசிக் கைப்பிடி மரமும் வெளியே வந்தாக வேண்டும். அந்தக் கைப்பிடியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

புது மரமோ பழைய மரமோ, இன்ஜின் போல்ட் துளையை நேராக 13 மி.மீ. போடாதீர்கள். முதலில் 20 மி.மீ. போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே 13 மி.மீ. போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரம் அல்ல, பிளாஸ்டிக் உறை. தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. நடுத்தர, பெரிய இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் மேல் துளை இரண்டுக்கும் இடையே 327 மி.மீ. என்பதால் பழைய துளைகளே பெரும்பாலும் பொருந்தும். போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள். போல்ட் சுழன்றால் பூசிய சீலன்ட் கிழியும். மெர்குரி தரும் முறுக்கு அளவு 75 நியூட்டன் மீட்டர். நட்டுக்கு அடியில் அகலமான தட்டு அவசியம். சாதாரண வாஷர் மரத்துக்குள் புதைந்துவிடும்.

கேள்வி: பழைய வி6 டூ ஸ்ட்ரோக் ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவர் வீட்டுக் குழாயில் மஃப் (இன்ஜினுக்குக் குளிர்நீர் ஊட்டும் ரப்பர்க் கிண்ணம்) மாட்டி ஓட்டிக் காட்டினார், நன்றாக ஓடியது. வாங்கலாமா?

பதில்: மஃப் மாட்டி ஓட்டினால், ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். சுமை இல்லாமல் ஐடிலில் எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான்.

கியர் எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். இன்ஜின் ஓர் இரவு முழுக்க நிமிர்ந்து நின்ற பிறகு, அடி ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், எனவே உள்ளே இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஓடி முடித்த உடனே பார்த்தால் எண்ணெயோடு கலந்து பால் காபி நிறத்தில் வரும். இரண்டுமே சீல் போயிற்று என்பதற்கு அடையாளம். ஸ்க்ரூவின் காந்த நுனியில் மாவுபோல் ஒட்டியிருப்பது இயல்பு, சிம்புபோல் இருந்தால் கியர் பல் உடைகிறது. எண்ணெயை வடித்த பின் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். முள் இறங்கக் கூடாது. புரொப்பெல்லரைக் கழற்றி, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் சுழற்றி நுனியைப் பாருங்கள். ஆடினால் எங்கோ பாறையில் இடித்திருக்கிறது.

கம்ப்ரஷன் பார்க்கும்போது பலரும் ஒரு பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள். ஆறையும் கழற்றுங்கள், த்ராட்டிலை முழுக்கத் திறந்து வையுங்கள், கில் சுவிட்ச் (இன்ஜினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றை எடுத்துவிடுங்கள், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. மீட்டருக்கு மீட்டர் எண் மாறும் என்பதால் 120-ஆ 110-ஆ என்று கவலைப்படாதீர்கள். ஆறுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் ரிங் அல்லது சுவர்க் கீறல். பிளக் துளை வழியே சிறு கேமரா விட்டால், எக்ஸாஸ்ட் பக்கச் சுவரில் நெடுங்கோடுகள் கண்ணில் படும்.

கம்ப்ரஷன் நன்றாக வந்துவிட்டதால் கொண்டாட வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் வருகின்றன. அங்குள்ள சீல் கசிந்தாலோ ரீட் (உள்வழி வால்வுத் தகடு) உடைந்தாலோ கம்ப்ரஷன் மீட்டருக்குத் தெரியாது. கலவை மெலிந்து, முழு வேகத்தில் பிஸ்டன் உருகும்போதுதான் தெரியும். ஆகவே தண்ணீரில், சுமையோடு, பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள். சிலிண்டர் ஹெட்டில் பெயின்ட் பொரிந்து கருத்திருந்தால் ஒருமுறை சூடேறிய இன்ஜின். ஒரு ஹெட்டில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்தவுடன் வாட்டர் பம்ப் இம்பெல்லர், தெர்மோஸ்டாட், பெட்ரோல் குழாய்கள், கார்புரேட்டர் கிட் எல்லாவற்றையும் கேட்காமலே மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாயை உள்ளிருந்து உரிக்கும். உரிந்த துணுக்கு ஒரு ஜெட்டை அடைத்தால் போவது ஒரு பிஸ்டன். பழைய மெர்குரி வி6-களில் எண்ணெய் பம்பை ஓட்டுவது ஒரு பிளாஸ்டிக் கியர். வயதானால் அது தேய்ந்து, எண்ணெய் நிற்கும். பம்பை நீக்கிவிட்டு எண்ணெயைப் பெட்ரோலிலேயே 50-க்கு 1 கலப்பது பாதுகாப்பான பழைய வழி. 25 லிட்டருக்கு 500 மி.லி., டாங்கை நிரப்பும் முன்னே எண்ணெய்.

கேள்வி: இன்ஜினை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? படகின் அடிமட்டத்தோடு கியர் கேஸின் மேலுள்ள தட்டு மட்டமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: குடும்பப் படகுக்கு அது சரி. பேட் உள்ள வேகப் படகுக்கு அது தாழ்வு. கியர் கேஸை வீணாகத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போவீர்கள்.

பேட்டின் அடிமட்டத்திலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்டின் மையம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 100 மி.மீ. நல்ல தொடக்கம். ஜாக் பிளேட் (இன்ஜினை ஏற்றி இறக்க உதவும் தாங்கி) இருந்தால் 12 மி.மீ. வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே சுமை, ஒரே எரிபொருளோடு இரு திசையிலும் ஓட்டி வேகம், ஆர்.பி.எம்., தண்ணீர் அழுத்தம் மூன்றையும் எழுதுங்கள். நழுவலைக் கணக்கிடுங்கள். வேகம் ஏறும் வரை ஏற்றலாம். திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றைப் பிடித்து இன்ஜின் அலறினாலோ, ட்ரிம் செய்தும் (இன்ஜினின் சாய்வை மாற்றியும்) அணியம் தூக்காவிட்டாலோ, தண்ணீர் அழுத்தம் சட்டென விழுந்தாலோ ஒரு படி இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். அழுத்தமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பின்னால் பீய்ச்சும் சிறு தாரை, தண்ணீர் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும்.

கடைசியில் ஆர்.பி.எம். உற்பத்தியாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் நிற்க வேண்டும். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். குறையும். வரம்புக்குக் கீழே முழு த்ராட்டிலில் ஓடுவது, மூன்றாம் கியரில் மலையேறுவது மாதிரி. சத்தம் அமைதியாக இருக்கும், பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும்.

கேள்வி: வேகம் ஏறியதும் படகு இடமும் வலமுமாக ஆடுகிறது. புது இன்ஜினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, சக்தி கூடினால் மோசமாகும். பேட் மேல் ஓடும் படகு ஒற்றைக் கோட்டில் நிற்கும் சைக்கிள் மாதிரி. ஸ்டீயரிங்கில் அரை அங்குலம் தளர்வு இருந்தாலும் அது ஆட்டமாக மாறும். படகை நிறுத்தி, கியர் கேஸின் பின்முனையைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். சக்கரம் அசையாமல் இன்ஜின் மட்டும் அசைந்தால் தளர்வு கேபிளில், ஸ்விவல் புஷ்ஷில், அல்லது அடி ரப்பர் மவுண்ட்டில் இருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. தாண்டும் படகில் ஒற்றைக் கேபிள் போதாது. இரட்டைக் கேபிள் அல்லது அந்த ஹெச்.பி.க்கு அனுமதியுள்ள ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போடுங்கள். ஆட்டம் தொடங்கினால் சட்டென த்ராட்டிலை விடாமல் ட்ரிம்மைக் கொஞ்சம் உள்ளிழுத்து, வேகத்தை மெதுவாகக் குறையுங்கள். கில் சுவிட்ச் கயிறு உடம்போடு இருக்கட்டும்.

கேள்வி: 25 அங்குல ஷாஃப்ட் இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. என் டிரான்ஸம் 20 அங்குலம்.

பதில்: வேண்டாம். ஐந்து அங்குலம் ஏற்ற ஜாக் பிளேட் தேவைப்படும். எடையும் மேலே போகும், பிளேட்டின் எடையும் பின்னால் சேரும். விலையில் மிச்சமானது அதிலேயே போய்விடும்.

கேள்வி: படகில் ஒட்டியுள்ள தகடு அதிகபட்சம் 150 என்கிறது. 200 மாட்டினால் என்ன?

பதில்: மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடையே கூடாது என்று வைத்துக்கொண்டாலும் முதல் கேள்வியில் வந்த படகின் 98 கி.மீ. 113 ஆகும், அவ்வளவுதான். அதற்கு ஈடாக, தகட்டை மீறினால் காப்பீடு கைவிரிக்கக்கூடும், டிரான்ஸமும் ஸ்டீயரிங்கும் கணக்கில் இல்லாத சுமையை ஏற்கும். பழைய 150-க்கு 25 அங்குலப் பிட்சும் 25 மி.மீ. உயரமும் முயன்று பார்த்துவிட்டீர்களா?